படி யார் கையில்? இயற்கை விவசாய மாற்றத்தை அளப்பது பற்றி



தலித் இலக்கிய மேடையில் மண், உரம், களை என்று பேசுவது சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். நம் எழுத்தில் வயல் எப்போதும் இருந்திருக்கிறது. நடவு நட்டவர்களும் களை பறித்தவர்களும் கதிர் அறுத்தவர்களும் நம் கதைகளில் வந்தபடியே இருக்கிறார்கள். அந்த வயல் இன்று மாறிக்கொண்டிருக்கிறது. ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் விட்டு இயற்கை வழிக்குத் திரும்ப வேண்டும் என்று அரசும் சொல்கிறது, தொண்டு நிறுவனங்களும் சொல்கின்றன. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்த மாற்றம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பண்ணை மாறிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம், யாரைக் கேட்டுச் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அளவை என்பது நமக்குச் சாதாரணச் சொல் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டம் இருந்தது. படி யார் கையில் இருக்கிறது என்பது காவிரிப் படுகையில் உயிர் போகும் கேள்வியாக இருந்திருக்கிறது. இயற்கை விவசாயத்தை அளக்க இப்போது புதிய படிகள் வந்திருக்கின்றன. அவற்றையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மாற்றத்தின் படிநிலைகள்

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேளாண் சூழலியல் அறிஞர் ஸ்டீபன் கிளீஸ்மன் இந்த மாற்றத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் விவசாயி ரசாயனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார். ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட்டவர் இலையின் நிறம் பார்த்து ஒன்றரை மூட்டை போடுகிறார். இரண்டாம் நிலையில் பொருளை மாற்றுகிறார். யூரியாவுக்குப் பதில் தொழுவுரம், பூச்சிமருந்துக்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசல். மூன்றாம் நிலையில் பண்ணையின் அமைப்பே மாறுகிறது. நெல்லுக்குப் பின் உளுந்து, வரப்பில் பயறு, மாடு, மீன், மரம் எல்லாம் ஒன்றையொன்று தாங்குகின்றன. நான்காம் நிலையில் விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் நேரடி உறவு ஏற்படுகிறது. ஐந்தாம் நிலையில் உணவு உற்பத்தி முறை முழுவதும் சமத்துவத்தின் மேல் நிற்கிறது.

நம் பகுதியில் இயற்கைப் பண்ணை என்று பெயர் எடுத்த பலவும் இரண்டாம் நிலையில் நின்றுவிடுகின்றன. மூட்டைக்குப் பதில் டிரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சான்றிதழ் முறையும் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறது. 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி நெல் போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் மாற்றக் காலம் வேண்டும். இடுபொருள் எது, எங்கே வாங்கியது, பக்கத்து வயலிலிருந்து மருந்து வந்து கலக்காதபடி இடைவெளி இருக்கிறதா என்றெல்லாம் ஆய்வாளர் பார்க்கிறார். இதில் தவறில்லை. ஆனால் இது ஒரு பொருளுக்குக் கொடுக்கும் சான்று. அந்தப் பண்ணையில் நடக்கும் வாழ்க்கைக்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

மண்வள அட்டையும் அப்படித்தான். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 12 அளவைகள் உண்டு. அமிலகாரத் தன்மை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், சில நுண்ணூட்டங்கள். மண்ணின் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அட்டை சொல்லும். மண்புழுவும் நுண்ணுயிரும் அந்த அட்டையில் வராது. மண்ணில் கால் வைத்து வேலை செய்பவரும் வரமாட்டார்.

ஐ.நா.வின் அளவுகோல்

இந்தக் குறையை உணர்ந்து, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2019இல் ‘டேப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மதிப்பீட்டுக் கருவியை வெளியிட்டது. மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இது விளைச்சலோடும் இடுபொருளோடும் நின்றுவிடுவதில்லை. பன்மை, பயிரும் கால்நடையும் மரமும் ஒன்றுக்கொன்று உதவுதல், சிக்கனம், மறுசுழற்சி, இடரைத் தாங்கும் வலு, அறிவைச் சேர்ந்து உருவாக்குதல், மனித சமூக மதிப்புகள், உணவு மரபு, சுழற்சிப் பொருளாதாரம், பொறுப்புள்ள ஆளுகை எனப் பத்துக் கூறுகளை எடுத்துக்கொள்கிறது. இவற்றின் கீழ் 36 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அடுத்த கட்டமாக நில உரிமையின் உறுதி, உற்பத்தி, வருமானம், கூட்டுமதிப்பு, பூச்சிக்கொல்லித் தாக்கம், உணவுப் பன்மை, பெண்களின் அதிகாரம், இளைஞர்க்கு வாய்ப்பு, பயிர் உயிரினப் பன்மை, மண் நலம் ஆகிய பத்தையும் அளக்கிறது. கடைசியில் கிடைத்த முடிவை ஊர் மக்கள் முன் வைத்துப் பேச வேண்டும் என்றும் சொல்கிறது.

நல்ல கருவி. உழைப்பின் நிலைமையும் சமூக ஏற்றத்தாழ்வும் அதில் இடம்பெறுகின்றன, 36 குறியீடுகளில் ஒன்றாக. ஆனால் அது கேள்வி கேட்கத் தொடங்கும் அலகு பண்ணையும் அந்தப் பண்ணைக்குரிய குடும்பமும். பண்ணையே இல்லாத குடும்பத்தின் வாசலுக்கு அந்தக் கேள்வித்தாள் எப்படி வரும்?

இந்த இடத்தில் ஒரு எண்ணை மனதில் வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் ஏறக்குறைய 42 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 96 லட்சம் பேர். பண்ணையை மட்டும் அலகாகக் கொண்டால், விவசாயத்தில் இருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டு இரண்டு பேரைக் கேட்காமல் விடுகிறோம். விடுபடுகிறவர்களில் பெரும்பகுதி எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்

கணக்குக்காக ஐந்து ஏக்கர் நெல் வயல் ஒன்றை வைத்துக்கொள்வோம். களைக்கொல்லி தெளித்த காலத்தில் கைத்தெளிப்பானோடு ஓரிரு ஆள் ஓரிரு நாளில் வேலையை முடித்தார்கள். இயற்கைக்கு மாறியதும் களைக்கொல்லி நின்றது. ஏக்கருக்குப் பத்துப் பெண்கள் வீதம் இரண்டு முறை கைக்களை எடுத்தால் 100 பெண் ஆள் வேலை. பண்ணையின் கணக்கு நோட்டில் இது ‘செலவு கூடியது’ என்று எழுதப்படும். தொழிலாளர் தெருவில் இது 100 நாள் கூலி. ஒரே எண், இரண்டு பெயர். மதிப்பீட்டுக்கு வருகிறவர் நோட்டை மட்டும் பார்த்தால் ஒரு பெயர்தான் அறிக்கையில் ஏறும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த 100 நாளுக்குக் கொடுத்த கூலி என்ன? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற வழக்கம் மாறியதா? சம வேலைக்குச் சம ஊதியம் 1976இலேயே சட்டமாகிவிட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. கீழ்வெண்மணிக்குப் பின் 1969இல் விவசாயத் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. குறைந்த கூலியில் குனிந்து களை பறிக்கும் நாட்கள் கூடினால், ‘சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே ‘யாருடைய இடுப்பால்’ என்றும் எழுத வேண்டியிருக்கும்.

மருந்து விஷயத்தில் ஆதாயம் நேரடியானது. பூச்சிமருந்தின் முதல் விஷம் சேர்வது தெளிப்பவர் உடம்பில். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் கூலிக்குத் தெளித்தவர்களும் உண்டு. வேலை தருபவர் பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் தர வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. நம் காவிரிக்கரை வாழைத் தோட்டங்களில் குருணை மருந்தை வெறுங்கையால் அள்ளிப் போட்டவர்களுக்கு யார் கையுறை கொடுத்தார்கள்? மருந்து நின்றால் அந்தக் கைகளுக்குத்தான் முதல் விடுதலை. அதனால்தான் இந்த மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. அதை முழுதாக அளக்கச் சொல்கிறோம்.

‘அந்தக் காலம்’ யாருடையது?

இயற்கை விவசாய மேடைகளில் பாட்டன் காலத்து விவசாயம் பொற்காலமாகப் பேசப்படுகிறது. யூரியா இல்லாத அந்தக் காலத்தில் பண்ணையாள் முறை இருந்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. சாணம் அள்ளியதும் எரு சுமந்ததும் செத்த மாட்டை அப்புறப்படுத்தியதும் விருப்பத்தால் செய்த வேலைகள் அல்ல, பிறப்பால் சுமத்தப்பட்டவை. பஞ்சகவ்யக் கரைசலை நாளுக்கு இரண்டு முறை கிளற வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். கிளறுவது யார் என்பதையும் மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்ள வேண்டும். நில உடைமையாளரே கிளறினால் அது ஒரு மாற்றம். பழைய தெருவிலிருந்து பழைய கையே வந்து கிளறினால் டிரம் மட்டும்தான் புதிது.

அதே சமயம் அந்தக் காலத்தில் நம்மவர்களுக்குச் சொந்தமான ஒன்றும் வயலில் இருந்தது. நண்டு, நத்தை, வயல் மீன், வரப்புக் கீரை. கூலி போதாத வீடுகளில் புரதமும் சத்தும் அங்கிருந்துதான் வந்தன. மருந்து வந்த பிறகு அவை போயின. விளைச்சல் கணக்கில் அந்த இழப்பு ஒருநாளும் ஏறவில்லை. ஒரு பண்ணை உண்மையிலேயே உயிர் பெற்றுவிட்டதா என்று அறிய எளிய வழி, அந்த வயலில் நண்டும் நத்தையும் திரும்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது. அவற்றைப் பிடித்துச் செல்ல வேலை செய்பவர்களை அனுமதிக்கிறார்களா என்று அடுத்துக் கேட்பது. ஒரே குறியீட்டில் சூழலும் சாதியும் தெரிந்துவிடும்.

நிலமும் நீரும்

அரசு உதவி நிலத்தைத் தேடித்தான் வருகிறது. 2015இல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா, 50 விவசாயிகள் 50 ஏக்கரோடு ஒரு தொகுப்பாகச் சேர வேண்டும் என்று தொடங்கியது. உதவித்தொகை நிலப்பரப்புக்கு ஏற்ப. பட்டா இல்லாதவர்க்கு அதில் என்ன இடம்? 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்த கதை. திருவரங்கம் சுற்றுவட்டாரத்தில் கோயில் நிலங்கள் ஏராளம். அவற்றில் உழுபவர் ஒருவராகவும் குத்தகைப் பதிவில் இருப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் உழுபவரைப் பதிவேட்டில் ஏற்றத்தான் வந்தது. வாய்வார்த்தைக் குத்தகையில் உழுபவர் மூன்று ஆண்டு மாற்றக் காலத்தை எந்தத் துணிச்சலில் தொடங்குவார்? மண்ணில் கரிமம் ஏறும் வேளையில் நிலத்தைத் திரும்பக் கேட்டால் அந்த உழைப்பு யாருக்குச் சேரும்? அதனால், குத்தகை உறுதி என்பது மண்ணின் கரிமத்தைப் போலவே ஒரு சூழலியல் அளவைதான்.

நீரைப் பாருங்கள். நாம் கூடியிருக்கும் இந்தப் புத்தூர் வழியாக உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. ராசராசன் காலத்தது என்று சொல்லப்படும் இந்த வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் சேர்கிறது. நகரத்துக்குள் நுழைந்து வெளியேறும்போது நகரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு போகிறது. நகருக்குக் கீழே உள்ள விவசாயி ஒரு துளி மருந்து தொடாமல் இருந்தாலும் அவர் வயலுக்கு வரும் தண்ணீர் அவர் கையில் இல்லை. பண்ணையைத் தனியாக எடுத்து அளந்தால் குற்றம் அவர் தலையில் விழும். வாய்க்காலை அலகாக வைத்து அளந்தால் மாநகராட்சியும் தொழிற்கூடங்களும் நகரவாசிகளான நாமும் அந்த மதிப்பெண்ணுக்குள் வருவோம். அலகை மாற்றினால் பொறுப்பும் இடம் மாறுகிறது.

அம்பேத்கர் மாற்றிய கேள்வி

அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத் துண்டு சிறியதாக இருப்பதே நோய், அதைப் பெரிதாக்குவதே மருந்து என்று அன்று பலர் சொன்னார்கள். ஏக்கரை மட்டும் வைத்து ஒரு பண்ணை கட்டுபடியாகுமா ஆகாதா என்று சொல்ல முடியாது, அதில் இடப்படும் உழைப்பும் முதலும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அளக்கும் அலகையே கேள்விக்குள்ளாக்கினார். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற முன்மொழிவில், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடு இன்றிக் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாகத் தரப்பட வேண்டும் என்றார். நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூவகையும் இல்லாத நிலையே அதன் நோக்கம். கிளீஸ்மனின் ஐந்தாம் நிலைக்கு இந்தியாவில் பொருள் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டு பாடங்கள்

இலங்கை அரசு 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது. படிநிலை இல்லை, தயாரிப்பு இல்லை, உழைப்பவரிடம் கேட்கவும் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடிவாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். விலையேற்றமும் தட்டுப்பாடும் மலையகத் தோட்டத் தொழிலாளர் போன்ற நாட்கூலி மக்களைத்தான் முதலில் அழுத்தின.

தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிக் கழகம் வேறொரு வழி. அங்கே தலித் பெண்களின் சங்கங்கள் தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தின, கூட்டாகக் குத்தகை எடுத்தன, சிறுதானியமும் பயறும் கலந்து விதைத்தன, ஊருக்கு ஊர் விதை வங்கி வைத்தன. 1990களில் அந்தச் சோளத்தைக் கொண்டு தங்களுக்கென ஒரு பொது விநியோக முறையையே நடத்தின. யார் வீட்டில் பசி அதிகம் என்பதை ஊர் மக்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். அளக்கும் படி அளக்கப்படுபவர் கைக்கு வந்தது. 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் ஒரு பண்ணையை எப்படி மதிப்பிடலாம்? மண், விதை, பூச்சி பற்றிய வழக்கமான கேள்விகளோடு ஏழு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. நிலம் யார் பெயரில், உழுவது யார், குத்தகை பதிவாகியிருக்கிறதா?

2. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நடவு, களை, அறுவடை ஒவ்வொன்றிலும் ஆண் ஆள் எத்தனை, பெண் ஆள் எத்தனை?

3. கூலி எவ்வளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா, அன்றே கிடைக்கிறதா?

4. முன்பு மருந்து தெளித்தவர் யார், இன்று கரைசல் கலக்குபவர் யார், அவர் உடல்நிலை எப்படி இருக்கிறது?

5. வயலில் குடிநீரும் தேநீரும் எல்லோருக்கும் ஒரே குவளையிலா?

6. பயிற்சிக்குப் போனது யார்? விதையும் பூச்சியும் பற்றித் தொழிலாளிப் பெண்கள் சொன்ன அறிவு அவர்கள் பெயரில் பதிவானதா?

7. விஷமில்லாத அந்த அரிசி, அதை விளைவித்தவர் வீட்டு உலையில் வேகிறதா?

கேட்கும் முறையும் முக்கியம். முதலாளியின் களத்தில் நின்று தொழிலாளியிடம் கேட்டால் முதலாளியின் பதில்தான் கிடைக்கும். மாலையில் அவர்கள் தெருவில், பெண்களிடம் பெண்களே கேளுங்கள். நடவு, களை, அறுவடை என்று மூன்று முறை போங்கள். பக்கத்து ரசாயன வயலிலும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுங்கள். பெயர்களை வெளியிடாதீர்கள். நாளைக்கும் அவர்கள் அதே வயலுக்கு வேலைக்குப் போக வேண்டும். முடிவை ஊரில் படித்துக் காட்டி, தவறென்று அவர்கள் சொல்வதைத் திருத்திய பிறகே அச்சிடுங்கள்.

ஒரு எதிர்வாதம் வரும். இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு திண்டாடும் சிறு விவசாயியின் மேல் இத்தனை கேள்விகளைச் சுமத்தலாமா? அந்தச் சிறு விவசாயிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சந்தை நல்ல விலை தராமல் நல்ல கூலி கொடுக்க அவரால் முடியாது என்பது உண்மை. அந்த உண்மையும் இந்தக் கேள்விகளைக் கேட்டால்தான் ஆவணமாகும். கூலி குறைவு என்று பதிவாகும்போது அதற்குப் பக்கத்தில் நெல்லுக்குக் கிடைத்த விலையையும் எழுதுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் அரசு, வேலை நாளுக்கு இவ்வளவு என்று கூலியின் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று கேட்கவும், நிலமற்ற பெண்கள் குழுக்களுக்குத் தரிசையும் கோயில் நிலத்தையும் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கவும் அந்தப் பதிவுதான் கையில் ஆதாரமாக இருக்கும்.

மண்புழுவை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். அது தேவையான வேலை. அந்த மண்ணில் நிற்கும் கால்களை எண்ணும் வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். வரும் சம்பா நடவில் ஒரு வாய்க்கால், ஒரு தெரு, ஒரு நோட்டு என்று தொடங்கினால் போதும். தை அறுவடைக்குள் முதல் அறிக்கை நம் கையில் இருக்கும்.